விளையாட்டு வினையாகுமா?

சென்ற மாதம் நம் சங்கத்தில் நடந்த பட்டிமன்றத்தை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'வீடியோ விளையாட்டு மாணவர்க்கு நன்மையா, தீமையா?' என்பது தலைப்பு. நானும் ஒரு பேச்சாளன். ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். அவையோர்க்கு வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு நிமிஷம் போயிற்று. எதிரணித் தலைவரைக் கிண்டல் செய்ததில் மூன்று நிமிஷம் போயிற்று. விஷயத்துக்கு வந்து வாயைத் திறந்தேன். நடுவர் மணியை அடித்துவிட்டார். அன்று சொல்லாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். பத்திரிகையில் மணி அடிப்பார் இல்லை என்ற தைரியந்தான் காரணம். ஆசிரியரிடம் கத்தரிக்கோல் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

அன்று இரு அணியினரும் நன்றாகவே பேசினார்கள். தீமை அணியினர், கைப்பேசியில் பப்ஜி ஆடிய மாணவர்களை 2019 மார்ச் மாதத்தில் ராஜ்கோட் போலீசார் கைது செய்த கதையைச் சொன்னார்கள். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கினார்கள். நன்மை அணியினர், 2023-ஆம் ஆண்டு ஹாங்சௌ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இத்தகைய ஆட்டங்களுக்கும் பதக்கம் கொடுத்தார்களே என்று மடக்கினார்கள். தீர்ப்பு என்ன ஆயிற்று என்பது அனைவருக்கும் தெரியும். நடுவர் இரு அணியையும் பாராட்டிவிட்டுத் தேநீர் சாப்பிடப் போனார்.

எனக்குத் தோன்றிய குறை ஒன்றே. இரு அணியினரும் 'வீடியோ விளையாட்டு' என்பதை ஒரே பொருளாக வைத்துப் பேசினார்கள். 'புத்தகம் நல்லதா, கெட்டதா?' என்று யாராவது கேட்டால் நாம் சிரிப்போம். எந்தப் புத்தகம் என்று திருப்பிக் கேட்போம். விளையாட்டுக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் இல்லை? நம் பாட்டிமார் இந்த வேற்றுமையை அறிந்திருந்தார்கள். மூன்று புலியையும் பதினைந்து ஆட்டையும் வைத்துத் திண்ணையில் ஆடுபுலி ஆட்டம் ஆடினால் அவர்களும் கூட வந்து உட்கார்வார்கள். அதே திண்ணையில் காசு வைத்துத் தாயம் உருட்டினால் துடைப்பத்தோடு வருவார்கள். வள்ளுவரும் சூதைக் கடிந்து ஓர் அதிகாரம் வகுத்தார். விளையாட்டைக் கடிந்து அதிகாரம் வகுக்கவில்லை.

ஆகவே நான் ஆடிய சில ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து, என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். இது ஆராய்ச்சி அன்று. ஆடியவன் வாக்குமூலம் என்று கொள்ளலாம்.

முதலில் டெட்ரிஸ். 1984-ஆம் ஆண்டில், மாஸ்கோவில் சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறி நிலையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பாஜித்நோவ் என்பவர் இதை ஆக்கினார். நான்கு நான்கு சதுரங்களால் ஆன ஏழு வகைத் துண்டுகள் மேலிருந்து விழும். வரிசை நிறையும்படி அவற்றை அடுக்க வேண்டும். நிறைந்த வரிசை மறைந்துவிடும். இவ்வளவுதான் ஆட்டம். படம் இல்லை, கதை இல்லை, கதாநாயகன் இல்லை. ஆயினும் இதில் உள்ள அழகு என்னைப் பல நாள் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. ஆடியதால் அல்ல, யோசித்ததால்.

ஒரு சிறு கணக்குச் சொல்கிறேன். ஏழு துண்டுகளிலும் ஒவ்வொன்று எடுத்தால் மொத்தம் 28 சதுரங்கள். நான்குக்கு ஏழு என்ற செவ்வகத்திலும் 28 சதுரங்கள். அப்படியானால் ஏழையும் அந்தச் செவ்வகத்தில் அடுக்கிவிடலாம் அல்லவா? முயன்று பாருங்கள், முடியாது. செவ்வகத்துக்குச் சதுரங்கப் பலகைபோல் கறுப்பும் வெள்ளையும் பூசினால் 14 கறுப்பு, 14 வெள்ளை. ஆறு வகைத் துண்டுகள் எங்கே எப்படி உட்கார்ந்தாலும் இரண்டு கறுப்பையும் இரண்டு வெள்ளையையும் மூடும். முச்சந்தி போன்ற ஒரு துண்டு மட்டும் ஒரு நிறத்தில் மூன்றையும் மற்றதில் ஒன்றையும் மூடும். ஆகவே கணக்கு 15-க்கு 13 என்றுதான் வருமே தவிர, 14-க்கு 14 என்று ஒருநாளும் வராது. கட்டம் போட்ட காகிதத்தில் இதைக் கண்டுகொண்ட மாலையில், என் வகுப்புப் பாடம் எதுவும் தராத ஆனந்தத்தை அடைந்தேன். விளையாட்டு அறிவைக் கெடுக்கும் என்பாருக்கு இதுவே என் முதல் பதில்.

அடுத்தது கெர்பல் ஸ்பேஸ் புரோக்ராம். மெக்ஸிகோவில் ஆக்கி, 2015-இல் முழு வடிவில் வெளியிட்ட ஆட்டம். பச்சை நிறத்துக் குட்டி மனிதர்களுக்கு நாம் ராக்கெட் கட்டிக் கொடுத்து வானில் அனுப்ப வேண்டும். நான் கட்டிய முதல் பத்து ராக்கெட்டுகளும் ஏவுதளத்திலேயே வெடித்தன. அதில் அவமானம் ஒன்றும் இல்லை. கஷ்டம் பிறகுதான் தொடங்கியது.

வட்டப் பாதையில் சுற்றும் என் கலத்துக்கு முன்னால், அதே பாதையில், இன்னொரு கலம் போகிறது. அதைப் பிடிக்க வேண்டும். சைக்கிளில் போகும் நண்பனைப் பிடிக்க நாம் என்ன செய்வோம்? வேகமாக மிதிப்போம். நானும் அப்படியே விசையை முன்னோக்கி முடுக்கினேன். என் கலம் உயரே ஏறிற்று, பாதை பெரிதாயிற்று, ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் கூடிற்று, நான் முன்னிலும் பின்தங்கினேன்! முன்னால் போகிறவனைப் பிடிக்க வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் தாழ்ந்த பாதைக்கு இறங்குவோம். தாழ்ந்த பாதையில் சுற்று சீக்கிரம் முடியும். கெப்ளரின் விதியை நான் இளங்கலை வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். அதன் பொருள் எனக்கு விளங்கியது இந்தப் பச்சை மனிதர்களால்தான்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பின்னர் அறிந்தேன். 1965 ஜூன் மாதத்தில், ஜெமினி 4 என்ற கலத்தில் சென்ற அமெரிக்க விண்வெளி வீரர் மெக்டிவிட், தம்முடைய ராக்கெட்டின் கழன்ற பகுதியை நெருங்குவதற்காக அதை நோக்கியே கலத்தைச் செலுத்தி, என்னைப் போலவே தோற்றுத் திரும்பினார். நம் இஸ்ரோ நிறுவனம் 2025 ஜனவரி 16 அன்று இரண்டு கலங்களை வானில் இணைத்தது. அதற்குமுன் இருமுறை நாள் தள்ளிப்போனபோது, விடுதியில் சிலர் முகம் சுளித்தார்கள். நான் சுளிக்கவில்லை. எத்தனை மெதுவாக நெருங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நூறு தடவை மோதி உடைத்தவன் அல்லவா நான்!

நிற்க. இனி இன்னொரு வகைக்கு வருகிறேன். நூறு பேர் ஒரு தீவில் குதித்து, கிடைத்த ஆயுதத்தை எடுத்துக்கொண்டு, கடைசி ஒருவர் அல்லது ஓர் அணி மிஞ்சும்வரை சுடும் ஆட்டங்கள். இவ்வகையில் நம் நாட்டில் பெரும்பேர் பெற்றது பப்ஜி. 2018-இல் கைப்பேசிக்கு வந்தது. 2020 செப்டம்பரில் அரசாங்கம் அதைத் தடை செய்தது. 2021-இல் அது வேறு பெயரில் திரும்பி வந்தது. நான் ஆடியது இவ்வகையில் ஓர் ஆட்டம். பெயர் எதுவானால் என்ன?

இதை முற்றிலும் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் எனக்கு ஹிந்தி தெரியாது. சாப்பாட்டுக் கூடத்தில் உப்பு கேட்கக்கூட கையைக் காட்டுவேன். என் அறை வரிசையில் இருந்த மூவர் என்னை அணியில் நான்காவது ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். 'பின்னால் ஆள் வருகிறான்', 'படி ஏறு', 'மருந்து கொடு' என்பதெல்லாம் எனக்கு ஹிந்தியில் முதலில் வந்த வாக்கியங்கள். இலக்கணப் புத்தகம் ஆறு மாதத்தில் தராததை அந்தத் தீவு ஆறு வாரத்தில் தந்தது. அந்த மூவரும் இன்றும் என் நண்பர்கள்.

ஆனால் கணக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு ஓர் இரவு, ஆய்வுக்கூடத்து உலையில் ஒரு மாதிரி வெந்துகொண்டிருந்தது. பதினொரு மணிக்கு நான் போய் அதை வெளியே எடுக்க வேண்டும். அது என்னுடையது மட்டும் அன்று; என் ஆய்வுத் தோழனுடைய இரண்டு வார உழைப்பும் அதே தட்டில் இருந்தது. பத்தரைக்கு ஓர் ஆட்டம் தொடங்கினேன். நடுவில் நிறுத்த இந்த ஆட்டத்தில் வழி இல்லை. நான் எழுந்தால் மூன்று நண்பர்களின் ஆட்டமும் கெடும். பதினொன்றுக்கு அது முடிந்தது. 'இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று' என்று ஒரு குரல். அந்தக் குரல் நண்பர்களுடையதா, என்னுடையதா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. நான் ஆய்வுக்கூடம் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. மாதிரி பாழ்.

தோழனிடம் மின்சாரம் தடைப்பட்டது என்று சொன்னேன். அவன் நம்பினான். அதுதான் என்னை வாட்டியது. மூன்று நாள் கழித்து உண்மையைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எத்தனையாவது இடம் வந்தாய்?" என்று கேட்டான். "நான்காவது" என்றேன். "இரண்டு வாரத்துக்கு முதல் இடமாவது வந்திருக்கலாமே" என்றான். பிறகு இருவரும் முதலிலிருந்து தொடங்கினோம். அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் இன்றும் அந்த ஆட்டத்தை ஆடிக்கொண்டிருப்பேனோ என்னவோ!

அந்த இரவிலிருந்துதான் எந்த ஆட்டத்தைக் கண்டாலும் ஒரு கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டேன்: 'இது என்னை எழுந்து போக விடுமா?'

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் பல ஆட்டங்களின் உள்ளம் தெரிந்துவிடும். மிட்டாய்களை மும்மூன்றாகச் சேர்த்து உடைக்கும் ஆட்டத்தைப் பேருந்திலும் ரயிலிலும் ஆடாதார் இல்லை. அதில் ஐந்து உயிர் தருவார்கள். ஐந்தும் தீர்ந்தால், ஓர் உயிர் திரும்ப அரைமணி காத்திருக்க வேண்டும். அல்லது காசு கொடுக்கலாம். அது நம்மை எழுந்து போகச் சொல்கிறது என்று நினைப்பீர்கள். இல்லை. அரைமணிக்கு ஒருமுறை அதையே நினைக்கச் சொல்கிறது. இன்னும் சில ஆட்டங்களில் மூடிய பெட்டி ஒன்றை விற்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்த பிறகே தெரியும். அரிய வாளும் இருக்கலாம், பழைய தொப்பியும் இருக்கலாம். 2018-ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டுச் சூதாட்ட ஆணையம் காசுக்கு விற்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே சொல்லிவிட்டது.

இதன் சூட்சுமம் புதியதன்று. ஸ்கின்னர் என்ற மனவியல் அறிஞர் புறாக்களைக் கூண்டில் வைத்துச் சோதித்தார். பொத்தானைக் கொத்தினால் தீனி விழும். இத்தனை கொத்துக்கு ஒரு தீனி என்று திட்டமாக வைத்தால், தீனி கிடைத்ததும் புறா சற்று ஓய்ந்து நிற்கும். எப்போது விழும் என்று தெரியாதபடி வைத்தால் ஓயாமல் கொத்தும். தீனியை நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்தும். 1957-இல் அவரும் ஃபெர்ஸ்டரும் சேர்ந்து இதையெல்லாம் பெரிய நூலாகவே வெளியிட்டார்கள். மூடிய பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புறா நினைவு வருகிறது. பட்டம் வாங்க வந்த நாம் பொத்தான் கொத்த வேண்டுமா?

நேரே பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. 2025 ஆகஸ்டில் நம் பாராளுமன்றம் அவற்றைத் தடுக்க ஒரு சட்டம் நிறைவேற்றியது. அதே சட்டம் பணப்பந்தயம் இல்லாத போட்டி விளையாட்டுகளை வேறாகப் பிரித்து, அவற்றை வளர்க்க வேண்டும் என்றும் சொல்கிறது. பட்டிமன்றத்தில் நாம் செய்யத் தவறிய பிரிவினையைச் சட்டம் செய்திருக்கிறது என்பதே நான் கவனித்தது.

கடைசியாக நம்மவர் கதை ஒன்று. 'வெண்பா' என்ற ஆட்டம் 2023-இல் வந்தது. கனடாவில் டொராண்டோ நகரத்துச் சிறு குழு ஒன்று ஆக்கியது. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம். வெண்பா என்பது தாயின் பெயர். அவள் தன் தாய் தந்த சமையல் குறிப்பேட்டை வைத்துச் சமைக்கிறாள். ஏடு கிழிந்திருக்கிறது, எழுத்து அழிந்திருக்கிறது. விட்டுப்போன இடத்தை நாம் யோசித்து நிரப்ப வேண்டும். இட்டிலித் தட்டை எப்படி அடுக்க வேண்டும், புட்டுக் குழலில் எதை எதன்மேல் போட வேண்டும் என்பவைதான் புதிர்கள். துப்பாக்கி இல்லை, பகைவன் இல்லை, புள்ளி இல்லை. 2024-ஆம் ஆண்டில் இதற்குப் பிரிட்டனின் பாஃப்டா பரிசு, முதல் படைப்புக்கான பிரிவில், கிடைத்தது.

மகன் கவின் வளர்கிறான். தாய் தமிழில் கேட்கிறாள். மகன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். வரவரத் தாயின் பேச்சு அவனுக்கு எட்டாமல் போகிறது. இதை ஆடியபோது, இங்கே வந்து ஓராண்டு ஆன பிறகு நான் வீட்டோடு தொலைபேசியில் பேசும் தமிழில் எத்தனை ஹிந்திச் சொல் கலந்துவிட்டது என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையை இங்கே எழுத விருப்பமில்லை. குற்றமும் சில உண்டு. ஆட்டம் மிகச் சிறிது. ஒன்றரை மணியில் முடிந்துவிடும். புதிர்களும் நம் வீட்டு அடுக்களையில் நின்று பழகியவர்க்கு எளியவை. ஆனால் முடிந்ததும் அது என்னைப் பிடித்து வைக்கவில்லை. நான் எழுந்தேன். எழுந்து போய் அம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். புட்டுக்கு மாவு எந்தப் பதத்தில் பிசற வேண்டும் என்று கேட்டேன். இரவு பத்து மணிக்கு இதென்ன கேள்வி என்று அம்மா பயந்துபோனார்.

என் கட்சிக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. அதை நானே சொல்லிவிடுகிறேன். 'டெட்ரிஸுக்கு மட்டும் முடிவு உண்டா? அதுவும் ஓயாமல் விழுந்துகொண்டுதானே இருக்கிறது? 2023 டிசம்பரில் ஓர் அமெரிக்கச் சிறுவன், 13 வயதினன், அதன் பழைய பதிப்பு ஒன்றை இயந்திரமே திகைத்து நிற்கும்வரை ஆடினானே! அதை மட்டும் ஏன் புகழ்கிறாய்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. டெட்ரிஸ் என்னைத் தோற்கடித்து அனுப்பிவிடும். நான் போன பிறகு என்னைக் கூப்பிடாது. நள்ளிரவில் கைப்பேசியைத் தட்டி, 'இன்றைய பரிசு காத்திருக்கிறது' என்று சொல்லாது. ஒருநாள் வராவிட்டால் சேர்த்து வைத்ததைப் பறிக்காது. அதை நான் அளவுக்கு மீறி ஆடினால் குற்றம் என்னுடையது. மற்றவற்றை அளவுக்கு மீறி ஆடினாலும் குற்றம் என்னுடையதே. ஆனால் அங்கே எனக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. 'அளவு' என்று பழமொழி சொல்கிறதே, அந்த அளவை அழிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அமிர்தம் தானாக மிஞ்சுவது வேறு. ஊற்றிக்கொண்டே இருப்பது வேறு.

விடுதியில் இரவு பன்னிரண்டு மணிக்கு இணையத்தை நிறுத்திவிட வேண்டும் என்று சிலர் இப்போது கையெழுத்து வாங்குகிறார்கள். என்னிடமும் வந்தார்கள். நான் போடவில்லை. நிறுத்தினால் தீவில் சுடுகிறவனோடு கட்டுரை தேடுகிறவனும் இருட்டில் நிற்பான். பெட்டி திறக்கிறவன் பகலில் திறப்பான். அதற்குப் பதிலாக ஒரு யோசனை சொல்கிறேன். நம் சங்கத்து வாரக் கூட்டங்களில் ஒன்றை இதற்கு ஒதுக்குவோம். அவரவர் ஆடிய ஆட்டம் ஒன்றைத் திரையில் காட்டி, அது தனக்கு என்ன தந்தது, தன்னிடமிருந்து என்ன எடுத்தது என்று பத்து நிமிஷம் பேசட்டும். புத்தக மதிப்புரைக்கு இடம் தருகிற சங்கம் ஆட்ட மதிப்புரைக்கும் இடம் தரலாம். முதல் கூட்டத்தில் 'வெண்பா'வை நான் கொண்டுவருகிறேன். முதலாண்டு அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பக்கத்து அறையில் யாராவது மூன்று நாளாக வகுப்புக்கு வராமல் ஆடிக்கொண்டிருந்தால் உபதேசம் செய்யாதீர்கள். எத்தனையாவது இடம் வந்தான் என்று மட்டும் கேளுங்கள். எனக்கு அது போதுமாயிருந்தது.

இதை எழுதி முடிக்கும்போது மணி பத்து நாற்பது. உலையில் மாதிரி இருக்கிறது. நான் எழுந்து போகிறேன்.